22 அடி நடைக்கு என்ன தரை? பல்லடம் பக்கத் தோட்டத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், தென்னந்தோப்பை ஒட்டிய செம்மண் பூமியில் கட்டிய தோட்டத்து வீடு இது. தரைத்தளம் மட்டும், 1,450 சதுர அடி. வீட்டில் ஆறு பேர்: எழுபதைத் தாண்டிய அப்பாரும் ஆத்தாவும், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பின்னால் கட்டுத்தரையில் நான்கு கறவை மாடுகள்.

கிழக்கு பார்த்த வாசல். ஹாலைத் தாண்டியதும் வீட்டின் நடுவே நேராக ஒரு நடை (அறைகளுக்குப் போகும் உள்வழி) ஓடி, மேற்குக் கோடியில் பொடக்காலிக் (கொல்லைப்புற) கதவில் முடிகிறது. நீளம் 6.7 மீட்டர், அதாவது 22 அடி. சுவர்ப் பூச்சு முடிந்தபின் அகலம் 1.49 மீட்டர். சமையலறை, இரண்டு படுக்கையறை, குளியலறை ஆகிய நான்கின் கதவுகளும் இந்த நடையில்தான் திறக்கின்றன.

ஹாலுக்கு 4க்கு 2 அடி அளவில், பளபளப்பான பி.ஜி.வி.டி. டைல்ஸ் (கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சுக்குப் பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்) முடிவாகி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். நடைக்கும் அதையே ஒட்டினால் வீடு நீளமாகத் தெரியும் என்று கடையில் சொன்னார்கள். மகனும் மருமகளும் அதற்குச் சம்மதமாகவே இருந்தார்கள். வேலையைப் பார்த்த பொறியாளர்தான் நடையைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம் என்று நிறுத்தினார். ஆத்தாவின் வார்த்தையும் அந்தப் பக்கம் இருந்தது: "கண்ணு, ராத்திரியில எந்திரிச்சுப் போனா கால் நிக்கோணும். எனக்கு அது போதும்."

நடையில் ஒரு நாள் பொழுது

பழைய ஓட்டு வீட்டிலும் இதேபோல முன்வாசலிலிருந்து பொடக்காலி வரை ஒரு நடை உண்டு. வீடு மாறினாலும் புழக்கம் மாறாது என்பதால், அங்கே ஒரு நாள் முழுக்க என்னென்ன போய்வருகிறது என்று குறித்துவைக்கச் சொன்னார் பொறியாளர்.

விடிகாலை 5 மணிக்குக் கட்டுத்தரையிலிருந்து பால் கேன் நடை வழியாக முன்வாசலுக்கு வருகிறது, பால் வண்டி முன்ரோட்டில் நிற்பதால். பக்கவாட்டில் பாதை இருந்தாலும் யாரும் சுற்றிப் போவதில்லை. குழாயடியில் கால் கழுவியவர்கள் துடைக்காமல் உள்ளே வருகிறார்கள். தோட்டத்துச் செம்மண் ஈரக்காலோடு ஒட்டிக்கொண்டு ஏழெட்டு அடி தூரம் வருகிறது. சாயங்காலம் தேங்காய்ச் சாக்கை இழுத்து வருகிறார்கள். இரவில் எக்ஸெல் மொபெட்டை நடையின் பின்கோடியில் ஏற்றி, சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறார்கள். ஆத்தா நான்குகால் வாக்கரோடு இரவில் மூன்று நான்கு தடவை குளியலறைக்குப் போய்வருகிறார். தரை துடைப்பது போர்த் தண்ணியில், அது நல்ல உப்பு.

இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் விடாமல் அடிக்கும். உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். மேற்கே கதவு வைத்த நேர் நடை அந்தக் காற்றுக்குப் புனல் மாதிரி. கதவு திறந்தால் புழுதி ஹால் வரை வரும்.

ஆக இந்த இடத்துக்குத் தேவை: மணல் உரசினால் கீறாத மேற்பரப்பு, ஈர வெறுங்காலுக்குப் பிடிப்பு, சைடு ஸ்டாண்டின் புள்ளிச்சுமையைத் தாங்கும் படுக்கை, உப்புத் தண்ணியின் வெள்ளைப்படலம் உறுத்தாத நிறம். அழகை அதற்கப்புறம் பேசலாம் என்று வைத்துக்கொண்டார்கள்.

மாதிரிகளைப் போட்டுப் பார்த்தது

பி.ஜி.வி.டி., பாலிஷ் கருப்பு கிரானைட், கோட்டா கல், ஆத்தங்குடி டைல், மேட் ஃபுல்பாடி விட்ரிஃபைடு டைல் என்று ஐந்து துண்டுகளைக் கட்டுத்தரைக் குழாயடியில் ஒன்பது நாள் போட்டுவைத்தார்கள். சோதனை எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஒரு கைப்பிடி தோட்டத்து மணலைத் தூவி, செருப்புக் காலால் ஐம்பது தடவை தேய்ப்பது. மஞ்சள் கலந்த எண்ணெயும் புளிச்ச மோரும் ஒவ்வொரு சொட்டு வைத்து இரவு முழுக்க விடுவது. போர்த் தண்ணியை ஊற்றித் துடைக்காமல் வெயிலில் காயவிடுவது, இதை மூன்று நாள் தொடர்ந்து. கடைசியாக, துண்டைப் பலகைமேல் வைத்து ஒரு பக்கம் அரை அடி உயர்த்தி, சோப்புத் தண்ணி ஊற்றி, மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நிற்பது.

பி.ஜி.வி.டி. முதல் சோதனையிலேயே தோற்றது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. காலை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தபோது, செருப்பு திரும்பிய இடமெல்லாம் பிறை பிறையாக மங்கிய கீறல்கள் தெரிந்தன. காரணம் எளிது. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. பாலிஷ் போட்ட கிளேஸ் அதைவிட மெத்து. ஹாலுக்கு மணல் கொஞ்சம்தான் வரும், நடைக்கு நாள்தோறும் வரும். வழுக்குச் சோதனையில் மகனால் ஒரு காலைக்கூட ஊன்ற முடியவில்லை.

கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், காப்ரோ வகைக் கல். கீறல் குறைவு, கறை இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அதன்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப்படலம். தினமும் நல்ல தண்ணியில் துடைத்து ஒற்றி எடுத்தால்தான் கருப்பு கருப்பாக இருக்கும், அந்தளவு நல்ல தண்ணி தோட்டத்தில் கிடையாது. ஈரத்தில் இதுவும் வழுக்கியது.

கோட்டா கல் காலுக்கு நன்றாக நின்றது, விலையும் தோதாக இருந்தது. ஆனால் அது சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் கரையும். மோர் வைத்த இடத்தில் ஐந்து ரூபாய் அகலத்துக்கு வெளிறிய வட்டம் விழுந்தது. பாலும் மோரும் போய்வரும் வழி, பக்கத்திலேயே ஆசிட் ஊற்றிக் கழுவும் குளியலறை. இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டா கல் நிற்காது.

ஆத்தங்குடி டைலை விடத்தான் மருமகளுக்கு மனசில்லை. கண்ணாடித் தட்டின்மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணியில் ஊறவைத்து எடுக்கும் டைல் அது. வெயில் காலத்தில் காலுக்குக் குளுமை, வண்ணமும் தனி அழகு. சிமெண்டு என்பதால் எண்ணெயை உறிஞ்சும். மஞ்சள் கறை ஒன்பதாம் நாளும் போகவில்லை. அதைப் பூஜை அறைக்கு வைத்துக்கொண்டார்கள். அங்கே அது சரியான இடம்.

பழைய வீட்டில் இருந்த ரெட் ஆக்சைடு தரையைத்தான் ஆத்தா முதலில் கேட்டார். அதைத் துண்டு வைத்துப் பார்க்க வழியில்லை. நீளத்தை ஒரே மூச்சில் தேய்த்து மெழுகி முடிக்கிற கை வேண்டும். விசாரித்த இரண்டு மேஸ்திரிகளும் விரிசல் விட்டால் பேர் கெடும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு, வருசக்கணக்கில் எண்ணெய் கண்டு மெருகேறிய சிவப்புத் தரை ஈரத்தில் வழுக்கும் என்பதும் ஆத்தாவுக்கே தெரியும். பழைய வீட்டுப் பின்வாசலில் சாக்குப் போட்டுவைத்திருந்தது அவர்தான்.

மிஞ்சியது மேட் ஃபுல்பாடி விட்ரிஃபைடு. 60க்கு 60 செ.மீ., 9 மி.மீ. கனம், மண் கலந்த சாம்பல் நிறம். நிறம் அடிவரை ஒன்றே என்பதால் கீறலோ சில்லோ விழுந்தாலும் கண்ணில் படாது. வெறுங்கால் நின்றது. குறை ஒன்று: நுண்குழிகளில் செம்மண் தங்கியது, துணியால் போகவில்லை, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

பெட்டியில் 'ஆர்10' என்று போட்டிருந்ததைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது வழுக்காமையைக் குறிக்கும் எண், எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு நடக்கவைத்து அளப்பது. வெறுங்கால் ஈரத்துக்கு ஏ, பி, சி என்று தனி வகுப்பு உண்டு, அது எல்லாப் பெட்டியிலும் இருக்காது. வெறுங்காலோடு புழங்கும் வீட்டில் ஆர் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பலகையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

முடிவு

ஹாலிலிருந்து வரும் 5.42 மீட்டருக்கு மேட் டைல். பொடக்காலிக் கதவை ஒட்டிய 1.28 மீட்டருக்கு, தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய 18 மி.மீ. சாம்பல் கிரானைட். ஈரமும் மண்ணும் முதலில் விழுவதும், மொபெட் நிற்பதும் அந்தக் கடைசி நாலடியில்தான். கதவைப் பார்த்து அதற்கு 12 மி.மீ. வாட்டம் கொடுப்பது என்றும் முடிவானது, அதாவது நூற்றுக்கு ஒன்று.

அளவுகள் இப்படி ஏன் வந்தன என்றால், டைல் வெட்டைக் கணக்குப் போட்டதால். குறுக்கே இரண்டு முழு டைல் வைத்தால் இரு ஓரத்திலும் 14 செ.மீ. கீற்றுகள்தான் மிஞ்சும், கீற்று பார்வைக்கும் மோசம், சீக்கிரம் பெயரும். நடுவில் ஒரு முழு டைல், இருபுறமும் 43.8 செ.மீ. துண்டு, சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி என்று வைத்தார்கள். நீளவாக்கில் 2 மி.மீ. இணைப்போடு ஒன்பது வரிசை சரியாக 5.42 மீட்டரில் முடிகிறது, குறுக்கு வெட்டே இல்லை. மொத்தம் 27 டைல். ஓரத் துண்டுகளில் கழிந்த 16 செ.மீ. பட்டைகள் பதினெட்டையும் 10 செ.மீ. உயர ஸ்கர்ட்டிங்காக (சுவரடிப் பட்டையாக) வெட்டியதில், கதவு இடங்கள் போக நடை முழுக்கப் போதுமானதாக இருந்தது. நான்கு டைல் கொண்ட பெட்டி எட்டு வாங்கினார்கள், எல்லாம் ஒரே ஷேட் எண் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்).

அடியில் கண்டது

மாசி மாதம் டைல் வேலை தொடங்குமுன் கான்கிரீட் படுக்கையைக் கடப்பாரைப் பின்புறத்தால் தட்டிப் பார்த்தார்கள். நடையின் வடக்கு ஓரம் நெடுக 'டொப்' என்று வெற்றுச்சத்தம். ஒரு குடம் தண்ணி ஊற்றினால் ஓரத்தில் சர்ரென்று இறங்கியது. கேட்டபோது விஷயம் வெளிவந்தது: படுக்கை போட்ட பிறகு குளியலறைக் குழாய்க்காக ஒன்றரை அடி ஆழத்தில் தோண்டி, குழாய் பதித்து, உடைத்த கட்டிகளையே உள்ளே தள்ளி மேலே கலவை பூசி மூடியிருக்கிறார்கள்.

தரை போட்டபின் டைல் உடைவதற்குப் பெரும்பாலும் டைல் காரணமல்ல, இந்த மாதிரி குழிதான். 3 அடி உயரப் பேஸ்மென்ட் நிரப்பில், ஒரு ஓரம் மட்டும் அமுங்கினால் எந்த டைலும் நிற்காது. எனவே 14 அடி நீளத்துக்குத் திறந்தார்கள். கட்டிகளை அள்ளிவிட்டு, குழாயைச் சுற்றி மணல், அதன்மேல் கிராவலை அரையடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணி விட்டு, திமிசுக் கட்டையால் இறுக்கினார்கள். மேலே 1:3:6 கான்கிரீட் 10 செ.மீ. மூன்று நாள் வேலை கூடியது. ஒப்பந்தக்காரர் கூலியை ஏற்றுக்கொண்டார், பொருளை வீட்டுக்காரர் கொடுத்தார்.

பதித்த விதம்

பெரிய வாக்குவாதம் நடந்தது ஒட்டும் முறையில்தான். மேஸ்திரி சொன்னது: "ஏனுங்க, இருவது வருசமா கலவை போட்டுச் சிமெண்டுப் பால் ஊத்தித்தானுங்க ஒட்டறோம், எது பேந்துது?" அவர் சொன்னதில் பொய்யில்லை. தண்ணி குடிக்கும் பழைய செராமிக் டைலுக்கு அது ஒத்துவந்தது. விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணி எடுக்காது. சிமெண்டுப் பால் உள்ளே போய்ப் பிடிக்க அதில் துளை இல்லை. ஒட்டியதுபோல இருந்து சில வருசத்தில் விட்டுவிடும். மேலே புள்ளிச்சுமை விழும் இடத்தில் அந்த வெற்றிடம்தான் உடையும்.

முதலில் 1:4 கலவையில் 40 மி.மீ. தளம் போட்டார்கள், நடை முழுக்க மூன்று மூட்டை சிமெண்டு. கிரானைட் வரும் பகுதியில் மட்டும் தளத்தை 10 மி.மீ. இறக்கினார்கள், 18 மி.மீ. கல்லும் 9 மி.மீ. டைலும் மேலே ஒரே மட்டத்தில் சேரவேண்டும் என்பதற்காக. ஏழு நாள் தண்ணி கட்டி, பத்து நாள் உலரவிட்டார்கள்.

டைல் முதுகில் சூளையிலிருந்து வரும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் அதைத் துடைக்காமல் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும், டைலை அல்ல. மேஸ்திரிகள் 'கம்' என்று சொல்லும் பாலிமர் ஒட்டுப்பொடி, 20 கிலோ மூட்டை நான்கு வாங்கியதில் மூன்றே கால் செலவானது. 10 மி.மீ. பல் கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, டைல் முதுகிலும் மெலிதாகப் பூசி, வரிக்குக் குறுக்கே சற்று நகர்த்தி அழுத்தினார்கள். நாலு மூலையும் நடுவும் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இங்கே கூடாது.

பங்குனி வெயிலில் விரித்த கம் சீக்கிரம் தோல் கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டிப் போட வேண்டும். ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும் ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தார்கள். உலர்ந்த இடத்தில் முதுகில் 80 சதவீதமாவது, ஈரம் படும் இடத்தில் 95 சதவீதமாவது பசை பிடித்திருப்பதே ஏற்கும் அளவு. பார்த்தவற்றில் எல்லாம் சரியாக இருந்தது. பார்க்காத ஒன்றில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இணைப்புகளை அடைக்கும் குரௌட்டாக, டைல் பகுதியில் சாம்பல் சிமெண்டு, கிரானைட் பகுதியில் எபாக்ஸி என்னும் பிசின் வகை. எபாக்ஸி விலை கூடுதல் என்பதால் மட்டுமே இந்தப் பிரிவினை.

புதுமனை நாளும் அதன்பின் நடந்ததும்

வைகாசியில் குடிபோகும் நாள் குறித்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், பெயின்ட் கறையையும் சிமெண்டுத் திட்டையும் எடுக்க வந்த ஆள் நடையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார். டைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிமெண்டு குரௌட் மூன்று இணைப்பில் பொடியாகி வந்தது. ஒட்டிய அன்றே ஈர ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் ஆசிட்டே தேவைப்பட்டிருக்காது. மேட் டைலில் சிமெண்டுப் படலம் ஒரு நாள் தங்கினால் குழிக்குள் இறுகிவிடும்.

விடிகாலையில் பசுவையும் கன்றையும் முன்வாசல் வழியாக அழைத்துவந்தார்கள். ஹாலின் பளபளப்பில் குளம்பு வழுக்காமலிருக்க ஈரச்சாக்கு விரித்திருந்தார்கள். நடையில் விரிக்கவில்லை. பசு ஒருமுறைகூடத் தடுமாறாமல் பொடக்காலி வரை நடந்துபோனது.

ஆனி மாதச் சாரலில் முதல் பிழை தெரிந்தது. கிரானைட் பகுதி சரியாகக் கதவைப் பார்த்து வடிந்தது, ஆனால் தண்ணி வெளியே போகவில்லை. நிலவு, அதாவது கதவு நிலை, வைத்தபோதே பதித்த வாசப்படிக் கல், புதுத் தரையைவிட 6 மி.மீ. உயரமாக இருந்தது. கதவோரம் விரல் அகலத்துக்குத் தண்ணி தேங்கியது. வாட்டத்தைக் கணக்கிட்டவர்கள் அது எங்கே போய் முடிகிறது என்று மட்டம் பிடித்துப் பார்க்கவில்லை. வாசப்படிக் கல்லை அறுத்தெடுத்து, தரைக்கு 4 மி.மீ. கீழாக, வெளிப்பக்கம் சரிவாக மறுபடி பதித்தார்கள். அப்படிச் செய்ததும் கதவடியில் இடைவெளி கூடி, காற்றோடு மழைத்துளி உள்ளே வந்தது. கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்து நிறுத்தினார்கள்.

ஐந்தாம் மாதம், குளியலறைக் கதவுக்கு எதிரே இருந்த ஒரு டைல் வெற்றுச்சத்தம் கொடுத்தது. பெயர்த்துப் பார்த்தால் பாதிக்குமேல் கம் டைலில் ஒட்டவே இல்லை, வரி வரியாக அப்படியே நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விரித்துவிட்டு, திரும்பிவந்து பதித்த வரிசை அது. கையிருப்பிலிருந்து ஒரு டைலை எடுத்து மாற்றினார்கள். உடைவதற்கு முன் பிடித்ததால் பக்கத்து டைல்கள் தப்பின.

பதினான்கு மாதம் முடிந்தபோது நிலவரம்: சைடு ஸ்டாண்டு நிற்கும் கிரானைட்டில் விரிசல் இல்லை. வாக்கர் ரப்பர் தடம் சாம்பல் நிறத்தில் தெரியவில்லை. ஆத்தா வழுக்கவில்லை, இரவில் சுவரைப் பிடிக்காமலேயே போய்வருகிறார். தோட்டத்தைப் பார்த்த பக்கத்துச் செம்மண் வாரம் ஒருமுறை பிரஷ் கேட்கிறது. சிமெண்டு குரௌட் பின்பாதியில் காவி நிறமாகிவிட்டது, எபாக்ஸி போட்ட கிரானைட் இணைப்பு போட்டபடியே இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

நடை முழுக்க எபாக்ஸி குரௌட். 8 சதுர மீட்டர் இடத்தில் மிச்சம் பிடித்த தொகை, ஒரு வருசக் கறையைப் பார்க்கும்போது மிகச் சிறியது.

கிரானைட்டில் தீ வாட்டிய முகத்துக்குப் பதில் லெதர் ஃபினிஷ் (தோல்போல மெலிதாக மேடுபள்ளமான முகம்). தீ வாட்டியது பிடிப்பு நன்றாகக் கொடுக்கிறது, ஆனால் துடைக்கும் துணியின் நூலைப் பிடுங்குகிறது. பிள்ளைகள் வெறுங்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் தோல் உரசுகிறது.

நிலவு வைக்கும் முன்பே தரைப் பொருளை முடிவு செய்வது. 9 மி.மீ. டைலா, 18 மி.மீ. கல்லா, 20 மி.மீ. அளவில் வரும் சிமெண்டு டைலா என்பது தெரியாமல் வாசப்படி உயரத்தைச் சரியாகக் குறிக்க முடியாது. இந்த வீட்டில் தரை பேச ஆரம்பித்ததே நிலவு நின்ற மூன்று மாதம் கழித்துத்தான்.

குழாய் வேலை முடியாமல் நடையில் கான்கிரீட் படுக்கை போடுவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன் கம் விரிப்பதில்லை.

எட்டுப் பெட்டியில் வெட்டும்போது உடைந்தது ஒன்று, பிறகு மாற்றியது ஒன்று. மீதி மூன்று டைல்களை ஷேட் எண் எழுதிய பெட்டி அட்டையோடு பரண்மேல், படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.